அரைப்பேருக்குக் கொதிக்கும் நாம் பற்றுச்சீட்டுக்கு ஏன் வாய் திறப்பதில்லை?



மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்து எழுதுகிறேன். இங்கே தேயிலை இல்லை, றப்பர் இல்லை. தென்னையும் மரமுந்திரிகையும்தான். ஆனால் 1977இலும் 1983இலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையகத்தில் இருந்து கிழக்குக்கு ஓடிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். மரம் மாறியிருக்கிறது, வாழ்க்கை பெரிதாக மாறவில்லை.

ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். தோட்டத்தில் தேங்காய் பொறுக்கும் வேலை செய்கிறவர். கூடவே மகள், வயது 19. என்னிடம் படித்த பிள்ளைதான். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் வெந்த மாதிரிச் சிவந்து, தோல் உரிந்து, இடையிடையே கறுத்துக் கிடந்தது.

அக்காவின் கலியாணத்துக்கு முகம் வெளுக்க வேண்டும் என்று டவுனில் ஓர் அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். பேஷியல் செய்து, வீட்டில் பூச ஒரு புட்டி கிறீமும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். புட்டியில் செய்தவர் பெயர் இல்லை, கொண்டுவந்தவர் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை. பற்றுச்சீட்டும் இல்லை. மூன்று கிழமையில் முகம் இப்படி. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "வெயிலில போயிருப்பீங்க. உங்க தோல் அப்பிடி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"முறைப்பாடு செய்தீங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"யாருகிட்ட டீச்சர்? தோட்டத்துலன்னா பிரட்டுல நின்னு கேப்போம். தலைவர் இருக்காரு, சங்கம் இருக்கு. அங்க யாருகிட்ட போய்ச் சொல்றது? விடுங்க, நம்ம தலையெழுத்து."

அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு சண்டையும் பிடிக்கப் போகிறேன். கடைக்காரரோடு மட்டுமல்ல, அரசோடு, நமது சங்கத்தோடு, நம்மோடும்.

உழைக்கும்போது ஒரு வாய், செலவழிக்கும்போது ஒரு வாயா?

கொழுந்து ஒரு கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் போட்டால் கொதிக்கிறோம். தராசில் கழிவு கூட வெட்டினால் மலையை விட்டு இறங்கி வருகிறோம். நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று 2015இல் எழுந்த குரல், 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் வர்த்தமானியில் ஏறும்வரை ஓயவில்லை. ஆறு வருடம்! பிரட்டுக்களத்தில் சத்தியாக்கிரகம், வீதி மறியல், கொழும்பில் ஆர்ப்பாட்டம் என்று எதையும் விட்டு வைக்கவில்லை.

அப்படிப் போராடி எடுத்த காசை, டவுனுக்குப் போனதும் என்ன செய்கிறோம்? கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். எதற்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. துண்டு கேட்பதில்லை. வாங்கியது பழுதென்றால் வீட்டுக்குள் அழுதுவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். அந்த 6,500 ரூபாய் அந்தத் தாய்க்கு எத்தனை நாள் குனிந்து நிமிர்ந்த கூலி என்று கணக்குப் பாருங்கள். செக்றோலில் ஒருவன் அத்தனை நாள் பேரை வெட்டியிருந்தால் நாம் சும்மா இருப்போமா?

செக்றோலில் வெட்டினாலும் கடையில் வெட்டினாலும் வெட்டப்படுவது ஒரே கூலிதான். இதுதான் நான் சொல்ல வந்தது. கூலிக்குப் போராடுவது தொழிற்சங்க வேலை என்றால், அந்தக் கூலியைப் பறிப்பவரோடு போராடுவதும் தொழிற்சங்க வேலைதான்.

"கடைப் பிரச்சினை சங்கப் பிரச்சினை இல்லை" என்று நமது பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளியை முதலில் கட்டிப்போட்டது சம்பளம் அல்ல, கடன். கடனைத் துண்டில் எழுதி ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தோட்டத்துக்குள் நுழையவிடாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயத்துக்குள் போனார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. அவர் துணிமூட்டையோடு போனது சம்பளம் பற்றி மட்டும் பேச அல்ல, சட்டம் உன்னையும் மனிதன் என்று சொல்கிறது என்று சொல்லிக் கொடுக்கத்தான். அவர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். ஏறக்குறைய நூறு வருடம் கழிந்தும், பற்றுச்சீட்டு என்றால் என்ன என்று நம் உறுப்பினர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

2003இல் வந்த இரண்டு சட்டங்கள்

2003ஆம் ஆண்டை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. அதே 2003இல் இன்னொரு சட்டமும் வந்தது: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், இலக்கம் 9. பிரஜையாக ஆன அதே ஆண்டில் பாவனையாளராகவும் உரிமை பெற்றோம். முதலாவதைக் கொண்டாடினோம். இரண்டாவதைக் கேள்விப்படவே இல்லை.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

பொருள் வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காதவருக்குச் சட்டம் ஊமை.

சேவை தருகிறவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் கொடுக்கல் வாங்கலுக்குள் அடங்கியிருக்கிறது என்கிறது. அதாவது, "நாங்க கியாரண்டி ஒண்டும் தரேல்லையே" என்ற பேச்சு செல்லாது. ஏமாற்றும் விதமாகப் பேசி விற்பதும், இல்லாத தரத்தை இருக்கிறது என்று சொல்வதும் குற்றம் என்கிறது.

முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. விசாரித்துப் பார்த்து உண்மை என்று கண்டால் நட்டஈடு கொடு, அல்லது பொருளை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. அரசு விதித்த உச்ச விலைக்கு மேல் விற்றால், 2021இல் வந்த திருத்தத்தின்படி தனி வியாபாரிக்கு ஒரு லட்சம் ரூபாயில் இருந்து ஐந்து லட்சம் வரை தண்டம். கம்பனி என்றால் ஐந்து லட்சத்தில் இருந்து ஐம்பது லட்சம் வரை.

மாவட்டங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. கச்சேரியில் கேட்டால் காட்டுவார்கள். அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. அந்த எண் நமக்கு வேறொரு நினைவைக் கொண்டுவரும். பரவாயில்லை, அதனாலேயே மறக்காது.

முகத்தை வெளுக்க வைக்கும் புட்டி

இனி அந்தப் பிள்ளையின் கன்னத்துக்கு வருவோம். இது ஒரு பிள்ளையின் அவசரப் புத்தி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். கறுப்பு என்றால் மட்டம் என்று பெண்பார்க்க வருகிறவன் சொல்கிறான், தொலைக்காட்சி சொல்கிறது, நம் வீட்டுக் கிழவியும் சொல்கிறாள். வெயிலில் தேங்காய் பொறுக்கி வளர்த்த பிள்ளைக்கு வெயிலின் நிறமே குற்றம் என்று ஆக்கிவிட்டு, அதைப் போக்க ஒரு புட்டியை விற்கிறார்கள்.

அந்தப் புட்டிகள் சிலவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருள் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் முதல் சில நாள் முகம் வெளுத்த மாதிரித் தெரியும். பிறகு தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுகிறவருக்கு மட்டுமல்ல, அவர் மடியில் தூக்கி வைத்திருக்கும் குழந்தைக்கும் அது தொற்றும். வேறு சில கிறீம்களில் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பாவிக்க வேண்டிய ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அது தோலை மெலிய வைக்கும். நிறுத்தினால் முன்னையைவிட மோசமாகும்.

பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. பாதரசம் கலந்த அழகுப் பொருட்களைச் செய்வதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் நிறுத்த வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் கட்டளைகளில் ஒன்று. கொழும்பில் கையெழுத்துப் போட்டாயிற்று. வாவிக்கரை அலமாரியில் புட்டி அப்படியே இருக்கிறது.

ஏன்? 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மருந்து, உபகரணம், அழகுப் பொருள் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் வந்தபோது பழைய சட்டம் ஒழிந்தது. மருந்துக்குப் புது வேலி கட்டினார்கள். அழகுப் பொருள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. பாமசிக்காரர் ஒரு மாத்திரையைப் பதிவில்லாமல் விற்றால் பிடிக்க ஒரு சபை இருக்கிறது. முகத்தை எரிக்கும் கிறீமுக்கு அப்படி ஒரு காவல்காரன் இல்லை. பாவனையாளர் சபையும், அழகு நிலையத்துக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச சபையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும்தான் மிச்சம். மூவருக்கும் நாம் சொன்னால்தான் தெரியும்.

அந்தப் பிள்ளையின் விஷயத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நமது கிளையின் மகளிர் அணியில் இருந்து இரண்டு அக்காமார் தாயோடு கூடப்போனார்கள். சத்தம் போடவில்லை. புட்டியைக் காட்டினார்கள், தொலைபேசியில் இருந்த செய்திகளைக் காட்டினார்கள், "முறைப்பாடு எழுதப் போறம்" என்று மட்டும் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் 6,500 ரூபாயும் கைக்கு வந்தது. "இதோட முடிச்சிக்குவம்" என்றார் உரிமையாளர். தாய்க்குச் சந்தோஷம்தான்.

காசு திரும்பி வந்தது. அதே மாதிரிப் புட்டிகள் அலமாரியிலேயே இருந்தன. அக்காமாரில் ஒருவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்று இரவு கிளைக் கூட்டத்தில் நாம் பேசியது அதைத்தான். காசு வந்தால் நமது வேலை முடிந்ததா? அடுத்த கிழமை அதே கதிரையில் வந்து உட்காரப்போகும் பிள்ளைக்கு யார் சொல்வது? முறைப்பாட்டை எழுதினோம், தமிழில், புட்டியின் படத்தோடு. மூன்று மாதத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பற்றுச்சீட்டு இல்லாத குறை அப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

வைத்தியசாலைக் கதவுகள்

அழகு நிலையத்தில் போனது முகம். வைத்தியத்தில் தவறு நடந்தால் உயிரே போகும். ஆனால் அங்கேதான் நாம் இன்னும் அதிகமாகத் தலை குனிகிறோம்.

என் தகப்பனாரைக் காய்ச்சலோடு ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், "எல்லாமாச் சேர்த்து இவ்வளவு" என்றார்கள். எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு என்று கேட்டேன். கருமபீடத்தில் இருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. பின்னால் நின்ற என் தாய் என் கையைப் பிடித்து இழுத்தார். "நாளைக்கும் இவங்ககிட்டதானே வரணும், பேசாம குடு." நான் ஆசிரியை, சங்கக்காரி, மேடையில் பேசுகிறவள். அன்று பேசாமல்தான் கொடுத்தேன். அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பயத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். டெங்குப் பரிசோதனைக்கும் இரத்தக் கணக்குப் பரிசோதனைக்கும் அரசு உச்ச விலை வர்த்தமானியில் போட்டிருக்கிறது. 2016 ஒக்டோபரில் 48 அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. வர்த்தமானி நமக்காகத்தான் வந்தது. பிரித்துக் கேட்காதவருக்கு அது வெறும் கடதாசி.

தனியார் வைத்தியசாலை, ஆய்வுகூடம் எல்லாம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு அவர்களைப் பற்றி முறையிடலாம். வைத்தியரின் நடத்தை பற்றியென்றால் இலங்கை மருத்துவ சபை. அரச வைத்தியசாலை என்றால் முதலில் அதன் பணிப்பாளருக்கோ பொறுப்பு வைத்தியருக்கோ எழுத வேண்டும். அதற்கு மேலே போகும்போதுதான் நம்மைச் சுற்ற வைப்பார்கள்: மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது; கிராமத்துப் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழ், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் வழியாக. இது தெரியாமல் கதவு மாறித் தட்டியே பலருக்கு மனம் விட்டுப்போகிறது.

"அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே, இலவசத்துக்கு என்ன கேள்வி?" என்பார்கள். எது இலவசம்? சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் நூற்றுக்குப் பதினெட்டு வற் வரி கொடுக்கிறோம். தோட்டத்துரைக்கு ஒரு வரி, நமக்கு ஒரு வரி இல்லை. அந்தக் காசில்தான் ஆஸ்பத்திரி நடக்கிறது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறேன். இது வைத்தியருக்கும் தாதிக்கும் எதிரான சண்டை அல்ல. மருந்து இல்லாமல், ஆள் இல்லாமல், இரவு பகலாக நின்று நம்மைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். பல நேரம் பிழை அவர்கள் கையில் இல்லை. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சை செய்த நோயாளிகளுக்கு என்ன நடந்தது? பிறகு போட்ட கண் சொட்டு மருந்தில் கோளாறு என்று சொல்லப்பட்டது. மருந்தை மீளப் பெற்றார்கள். சிலருக்குப் பார்வை போனது. பாதிக்கப்பட்டவர்கள் வாயைத் திறந்ததால்தான், நட்டஈடு கேட்டதால்தான் அது நாடு முழுக்கத் தெரிந்தது. அவர்களும் "தலையெழுத்து" என்று வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சொட்டு இன்னும் எத்தனை கண்ணில் விழுந்திருக்கும்? முறைப்பாடு நல்ல வைத்தியருக்கு எதிரி அல்ல. கெட்ட மருந்துக்குத்தான் எதிரி.

தனி ஆளாகப் போனால்

சிலர் சொல்வார்கள், "நீதிமன்றம் இருக்கிறதே, வழக்குப் போடலாமே." போடலாம். ஆனால் இந்த நாட்டின் மிகப் பெயர்பெற்ற மருத்துவக் கவனயீன வழக்கைப் பாருங்கள். நாலு வயதுப் பெண்பிள்ளையை இழந்த ஒரு தகப்பன், பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் தீர்த்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் இல்லாமலாக்கியது. பிள்ளை இறந்து ஏறக்குறைய ஒன்பது வருடம். வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? அவரே ஒரு சட்டத்தரணி. சட்டம் தெரிந்தவருக்கே அந்தப் பாடு என்றால், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும் நமக்கு?

பாக்குநீரிணைக்கு அப்பால் பாருங்கள். இந்தியாவில் 1986இலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1995இல், காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சேவைதான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சட்டத்தரணி இல்லாமலே ஒரு சாதாரண ஆள் மனுக் கொடுத்து நட்டஈடு கேட்கலாம். அங்கேயும் தாமதம் உண்டு, முற்றிலும் இலவசமாகச் செய்யும் வைத்தியம் அதற்குள் வராது என்ற குறையும் உண்டு. ஆனாலும் கதவு மாவட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு வைத்தியத்தைப் பற்றிய இரண்டு பெரிய கதவுகளும், மருத்துவ சபையும் தனியார் சுகாதார சபையும், கொழும்பில். இங்கிருந்து போய்வர ஒரு இரவு, ஒரு பகல், இரண்டு நாள் கூலி. இப்படிப்பட்ட உரிமை கண்ணாடி அலமாரியில் வைத்த சேலை மாதிரித்தான். பார்க்கலாம், உடுத்த முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், தனி ஆளாகப் போக வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். தாயும் மகளும் தனியாகப் போனபோது கிடைத்தது "உங்க தோல் அப்பிடி". இன்னும் இரண்டு பேர் கூடப் போனதும் கிடைத்தது முழுக் காசு. சட்டம் அன்றும் இன்றும் ஒன்றுதான், ஆள்தான் கூடினோம். "நாளைக்கும் இவங்ககிட்டதானே வரணும்" என்று என் தாய் பயந்தது ஒரு குடும்பத்தின் பயம். ஒரு தோட்டமே நாளைக்கும் வர வேண்டியவர்கள் என்றால், பயப்பட வேண்டியவர் கடைக்காரர்.

இன்றில் இருந்து செய்ய வேண்டியது

1. எதற்குக் காசு கொடுத்தாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். தர மறுத்தால் திகதி, நேரம், இடம், தொகை, கூட இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

2. புட்டி, மாத்திரை அட்டை, கிளினிக் கொப்பி, பரிசோதனைத் தாள், தொலைபேசிச் செய்தி எதையும் எறிய வேண்டாம். பழுதான முகத்தையோ காயத்தையோ அன்றே படம் எடுங்கள். அரச வைத்தியரிடம் காட்டிக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

3. நாட்கணக்கை மறக்க வேண்டாம். பாவனையாளர் சபைக்கு மூன்று மாதம். அரச அதிகாரி உரிமையை மீறினார் என்று அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். வழக்குக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

4. தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. "சிங்களத்தில் கொண்டு வா" என்று யாராவது சொன்னால் அதுவே இன்னொரு முறைப்பாடு. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.

5. கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

6. வேறு சேவைகளுக்கும் வழி உண்டு. வெளிநாட்டு வேலை முகவர் ஏமாற்றினால் வேலைவாய்ப்புப் பணியகம், 1989. மாகாணத்துக்கு மாகாணம் ஓடும் பஸ்ஸில் கூடுதல் காசு வாங்கினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, 1955.

சங்கத்துக்கும் அரசுக்கும்

நமது தலைவர்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் சம்பளப் பிரச்சினைக்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இன்னொரு கொப்பி வைப்பதற்கு என்ன செலவு? மாதக் கூட்டத்தில் அதைத் திறந்து வாசிக்க அரை மணித்தியாலம் போதும். ஒரே கடையைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தால் அது மூன்று பேரின் தலையெழுத்து அல்ல. அந்தக் கடையின் தொழில் முறை. அந்த மூன்றையும் சேர்த்துச் சங்கத்தின் கடிதத்தாளில் அனுப்பினால் யாரும் ஓரமாகத் தள்ளிவைக்க முடியாது. வாக்குக் கேட்கவும் சந்தா கேட்கவும் லயத்துக்கு வரத் தெரிந்த நமக்கு, ஒரு தாயோடு கச்சேரிக்குப் போகத் தெரியாதா?

அரசிடம் கேட்கிறேன். மாவட்டந்தோறும் நுகர்வோர் தீர்ப்பு மன்றம் வேண்டும். மருத்துவ முறைப்பாட்டைக் கொடுக்கவும் விசாரணைக்கு வரவும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் பதுளையிலும் இடம் வேண்டும். அழகுப் பொருளுக்கும் அழகு நிலையத்துக்கும் வேலி போடும் சட்டம் வேண்டும். நடமாடும் சேவை என்று தோட்டத்துக்கு வந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதுகிறீர்கள். அந்த மேசைகளில் ஒன்று முறைப்பாட்டு மேசையாக இருக்கட்டும்.

கடைசியாக நம்மிடம். அந்தப் பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறாள். காயம் ஆறி வருகிறது, கறுப்பு இன்னும் போகவில்லை. போன கிழமை என்னைக் கண்டபோது முந்தானை முகத்தில் இல்லை. "டீச்சர், அந்தக் கடைய வந்து பாத்தாங்களா?" என்று கேட்டாள். அவளுக்குக் காசு எப்போதோ கிடைத்துவிட்டது. அவள் கேட்டது அடுத்த பிள்ளைக்காக. அந்தக் கேள்வியை அவளைத் தனியாகக் கேட்கவிடக் கூடாது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகள் அத்தனையையும் கொண்டுவாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள். எத்தனை வெறுங்கை என்று அன்றைக்கு எண்ணிப் பார்ப்போம். அங்கிருந்து தொடங்குவோம்.